அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் மொசைக் சுவர்: மேசையிலிருந்து சுவர் வரை

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது: "வாசலருகே 8 அடி அகலம், 5 அடி உயரத்தில் ஒரு சுவர் சும்மா கிடக்கிறது. குடியிருப்போர் எல்லாரும் சேர்ந்து உடைந்த டைல்ஸில் மொசைக் செய்யலாமா என்று யோசிக்கிறோம். பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள், பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர்கள் என்று பலரும் வர விரும்புகிறார்கள். இது மனதுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? எங்கே தொடங்குவது? வெயிலிலும் மழையிலும் நிற்குமா?"

நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை: சுவரில் நேரடியாக ஒட்டாதீர்கள். மேசைமேல் வலையில் ஒட்டி முடித்து, பிறகு சுவருக்கு ஏற்றுங்கள். இது தொழில்நுட்பத்துக்காக மட்டும் சொல்வதல்ல. 8 அடிச் சுவருக்கு முன் ஒரே நேரத்தில் மூன்று பேர் நின்று வேலை செய்யலாம். நான்காமவர் வேடிக்கை பார்ப்பார். எழுபது வயதுக்காரரால் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க முடியாது. மேசை என்றால் பத்துப் பேர் எதிரெதிரே உட்காரலாம், கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். பேச்சு தானாக வரும். மனதுக்கு நல்லதா என்ற கேள்விக்கு விடையில் பாதி இந்த உட்காரும் முறையில்தான் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஆராய்ச்சி கொஞ்சம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோய்த் தடுப்பு, மனநலம், முதுமை ஆகியவற்றில் கலைச் செயல்பாடுகளுக்குப் பங்கு இருக்கிறது என்பது அதன் முடிவு. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இன்னும் நேரடியானது. 39 பெரியவர்கள் களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் என்று 45 நிமிடம் எதையாவது செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அளக்கப்பட்டது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு கலைப் பழக்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாடு எதையும் காட்டவில்லை. மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆக, உங்கள் அறிவிப்புத் தாளில் "மன அழுத்தத்துக்குத் தீர்வு" என்று போடாதீர்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் மருந்தை நிறுத்தாமல் வந்து உட்காரட்டும். வாரம் ஒரு நாள் போக ஓர் இடம், காத்திருக்கும் ஒரு வேலை, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் என்று சொன்னாலே போதும். அதை உங்களால் உறுதியாகக் கொடுக்க முடியும்.

இந்த முறை ஓடுகிறது என்பதற்கு லண்டனின் ஹாக்னி மொசைக் ப்ராஜெக்ட் நல்ல சாட்சி. டெஸ்ஸா ஹன்கின் என்ற மொசைக் கலைஞர் நடத்துவது. போதைப் பழக்கத்திலிருந்தும் மனநலச் சிக்கல்களிலிருந்தும் மீண்டு வருபவர்களும் அந்தப் பகுதித் தன்னார்வலர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்கிறார்கள். வேலை பூங்காச் சுவர்களில் நிற்கிறது. பார்ப்பவர்கள் யாரும் "பாவம், நோயாளிகள் செய்தது" என்று சொல்ல மாட்டார்கள், அத்தனை நேர்த்தி. வடிவமைப்பைத் தேர்ந்த ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நிரப்பும் வேலையை எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பதால் வருவது அது. சான் ஃப்ரான்சிஸ்கோவில் 16ஆம் அவென்யூவின் 163 படிகளும் அப்படித்தான். அய்லீன் பார், கொலெட் க்ரட்சர் என்ற இரு கலைஞர்கள் கீழே கடல், மேலே வானம் என்று வரைந்தார்கள், தெருக்காரர்கள் பட்டறைகளில் உட்கார்ந்து செய்தார்கள், 2005இல் முடிந்தது. சண்டிகரின் ராக் கார்டனையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். உடைந்த வளையலும் பீங்கானும் கொண்டு நேக் சந்த் செய்தது மகத்தான வேலை, ஆனால் 1976இல் மக்களுக்குத் திறக்கும் முன் அவர் பல ஆண்டுகள் ரகசியமாகச் செய்தது அது. பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கே கற்கலாம். ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு அது மாதிரி அல்ல.

எனவே வடிவமைப்பை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். எல்லார் யோசனையும் கலந்தால் படம் கஞ்சியாகிவிடும். என்ன இருக்க வேண்டும் என்பதை எல்லாரிடமும் கேளுங்கள். வரைவது ஒருவராக இருக்கட்டும். பெரிய வடிவங்கள் நான்கைந்து போதும். ஒரு மரம், இரண்டு மூன்று பறவை, தண்ணீர், வானம். முகம் வேண்டாம். மனித முகத்தில் ஒரு டைல் துண்டு அரை அங்குலம் நகர்ந்தாலே வேறு ஆளாகிவிடும். யாருடைய முகம் என்ற பஞ்சாயத்து அதற்கு மேல். நம்மூரில் இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே கொடி என்று படிப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அசுத்தம் செய்யாமலிருக்கச் சாமி பட டைல்ஸ் பதிக்கும் பழக்கம் நம் சுவர்களில் இருக்கிறது. பல மதத்தாரும் சேர்ந்து செய்யும் சுவரில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். படத்தில் முக்கால் பங்கு "சுதந்திரப் பகுதி"யாக இருக்கட்டும்: இலைக் கூட்டம், அலை, வானம். அங்கே யார் எப்படி ஒட்டினாலும் கெடாது. கண், அலகு, ஓரக்கோடு போன்றவற்றைக் கை தேர்ந்தவர்களிடம் கொடுங்கள்.

கணக்குக்கு வருவோம். 40 சதுர அடி. துண்டுகளுக்கிடையே விடும் இடைவெளி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பரப்பைத் தின்றுவிடும். வெட்டும்போது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சேதாரமாகும். ஆகவே மொத்தம் 48 சதுர அடி டைல்ஸ் வேண்டும். டைல்ஸ் கடைகளில் மூலையுடைந்த பெட்டிகளும் பழைய மாதிரித் துண்டுகளும் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் பின்னணி நிறத்தை மட்டும் ஒரே பெட்டி வரிசையில் காசு கொடுத்து வாங்குங்கள். பாதியில் தீர்ந்துபோய் வேறு நீலம் வந்தால் சுவரில் தெரியும்.

எந்த டைல்ஸ்? குளியலறைச் சுவருக்குப் போடும் செராமிக் வால் டைல்ஸ், 7 முதல் 8 மி.மீ. கனம். உடம்பு மென்மையானது, நிப்பரில், அதாவது டைல் வெட்டும் இடுக்கியில், பிஸ்கட் போல உடையும். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸோ கல் போன்றது. மூத்தவர்கள் கையால் வெட்டவே முடியாது, மேலும் பின்புறம் தண்ணீரே இழுக்காததால் பசைக்கும் சவால். இரண்டையும் கலந்தால் கனம் வேறுபட்டு மேற்பரப்பு மேடு பள்ளமாகும். வளையல் துண்டு, பீங்கான் தட்டு, கோப்பைப் பிடி ஆகியவை வரட்டும். மேல்பூச்சில் மட்டும் தங்க நிறம் உள்ள வளையல் உரிந்துவிடும், பிளாஸ்டிக் பொத்தான் வெயிலில் வெளுக்கும், இரும்பு துருப்பிடித்துச் சுவரில் ஒழுகும். கண்ணாடித் துண்டு எல்லாரும் கேட்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு ஈரத்திலும் சிமெண்டின் காரத்திலும் அரித்து ஓரம் கறுக்கும், வெளிச்சுவரில் தவிர்ப்பதே மேல்.

யாராவது பாட்டி வீட்டுத் தட்டு, அம்மா கை வளையல் என்று கொண்டு வந்தால் அதைப் பொதுக் குவியலில் போடாதீர்கள். பெயரெழுதிய தனி டப்பாவில் வைத்து, படத்தில் எந்த இடம் என்று குறித்து, கொண்டு வந்தவர் கையாலேயே ஒட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டு தொலைந்தால் மன்னிப்புக் கேட்டுத் தீராது.

மேசை வேலை எத்தனை நாள் எடுக்கும்? புதியவர் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் அரை சதுர அடி முடித்தால் நல்ல வேகம். 40 சதுர அடிக்கு 80 ஆள்-அமர்வு. பத்துப் பேர் வந்தால் எட்டு வாரம், வராத நாட்களையும் வெட்டும் வேலையையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு வாரம். இதைச் சுருக்க முயலாதீர்கள். "ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கிறோம்" என்று நடத்தினால் படம் வரும், பழக்கம் வராது. கிழமையும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். தமிழ்நாட்டில் ஐப்பசி கார்த்திகை மழையில் மேசை வேலையைத் தொடங்கினால் தை, மாசியில் சுவருக்குப் போகலாம். மழைக்காலத்துச் சுவரிலும் சித்திரை வெயிலிலும் பசை வேலை சரியாக அமையாது.

எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி. மேசை இரண்டரை அடி அகலத்துக்கு மேல் வேண்டாம், எதிரில் இருப்பவர் பேசுவது கேட்க வேண்டும். எல்லாரும் ஒட்டியே ஆக வேண்டும் என்றில்லை. கை நடுங்குபவர் நிறவாரியாகப் பிரித்துக் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போடலாம். அது இல்லாமல் மேசையே ஓடாது, ஆகவே அதைச் சில்லறை வேலையாக நடத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் முனை தேய்த்த துண்டுகளை மட்டும் கொடுங்கள், ஏனென்றால் டைல்ஸின் பளபளப்புப் பூச்சு உடைந்த இடம் பிளேடு. வெட்டுவதைப் பெரியவர்கள் இருவர் மூவர் தனி மேசையில், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யட்டும். பெரிய டைலைச் சாக்குக்குள் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. பிறகு நிப்பரால் விரல் நுனி அளவுக்கு. நிப்பரை டைலின் ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் கவ்வ வேண்டும், நடுவில் கவ்வினால் நொறுங்கும். கிரைண்டரில் உலர்வாக அறுக்கவே கூடாது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. மேசையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். டீயும் வடையும் வேறு மேசையில். சாப்பாட்டில் கண்ணாடித் துகள் போகக் கூடாது என்பது ஒன்று. எழுந்து போய் வேறு ஆட்களோடு நிற்க ஒரு சாக்கு கிடைப்பது இன்னொன்று.

ஒரு விதியை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்: அடுத்தவர் ஒட்டியதை அவரைக் கேட்காமல் யாரும் பெயர்க்கக் கூடாது. இந்த மாதிரி வேலைகளில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். ஆர்வமுள்ள ஒருவர் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து கோணலானவற்றையெல்லாம் "சரி" செய்து வைப்பார். அடுத்த வாரம் வந்து பார்க்கும் மூத்தவருக்குத் தன் இலை எங்கே என்று தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்கடுத்த வாரம் வர மாட்டார்.

இனி வலை. முழுப் படத்தையும் உண்மை அளவில் தாளில் வரைந்து, ஒன்றரைச் சதுர அடி அளவில் 27 துண்டாகப் பிரியுங்கள். சதுரமாக வெட்டாமல் படத்தின் கோடுகளை ஒட்டி வளைத்து வெட்டுங்கள். சதுர வெட்டு சுவரில் போன பிறகும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் மேல்புற அம்புக்குறியும் போட்டு, முழுப் படத்தின் நகலொன்றிலும் அதே எண்களைக் குறியுங்கள். தாள்மேல் பாலித்தீன், அதன்மேல் ஃபைபர் மெஷ், அதன்மேல் டைல் துண்டு. மெஷ் என்பது சுவர் விரிசலுக்கும் வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் கடையில் கிடைப்பது, 4 முதல் 5 மி.மீ. கண், காரம் தாங்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். கொசுவலை வேண்டாம், அதன் கண் வழியே பசை புகாது.

ஒட்டுவதற்குத் தண்ணீர் தாங்கும் வகை வெள்ளைப் பசை, மரப்பலகைக்கு மரைன் என்று விற்பது போன்றது. சாதாரண வெள்ளைப் பசை ஈரப்பட்டால் மறுபடி பாலாகிவிடும். துண்டின் பின்னால் ஒரு சொட்டு, பெரியதாக இருந்தால் இரண்டு. தாராளமாக வழித்துப் பூசுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு: டைலின் பின்புறம் முழுக்கப் பசைத்தோல் மூடிவிடும், சுவரில் போகும்போது சிமெண்ட் பசை டைலைத் தொடாது, வெறும் தோலைத்தான் பிடிக்கும், ஓரிரு மழையில் பெயர்ந்து விழும். துண்டுகளுக்கிடையே 3 முதல் 4 மி.மீ. விடுங்கள். முட்டிக்கொண்டு நிற்கும் துண்டுகளுக்கிடையே கலவை இறங்காது, அங்கே முதலில் தண்ணீர் இறங்கும். ஒரு நாள் காய்ந்ததும் திருப்பிப் போட்டுப் பாலித்தீனை உரித்து, பின்புறம் இன்னொரு நாள். மடிக்காமல் பிளைவுட் பலகைமேல் அடுக்கி வையுங்கள். வலைத் துண்டு ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குள் வரும்.

சுவர் கொத்தனாரின் எல்லை. மொட்டை மாடியில் வெள்ளை உடைசல் டைல்ஸ் பதித்த கொத்தனார் கிடைத்தால் நல்லது, உடைந்த துண்டு அவருக்குப் புதிதல்ல. ஆனால் மாடித் தரையில் போலச் சிமெண்டை மட்டும் குழைத்து அப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தரையில் எடை கீழே அழுத்தும். சுவரில் எடை உரித்து இழுக்கும். முதலில் பெயிண்ட், சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் எல்லாவற்றையும் சுரண்டிப் பூச்சு தெரிய வேண்டும். பெயிண்ட் மேல் ஒட்டினால் மொசைக்கின் எடையைத் தாங்குவது பெயிண்ட்தான். சாவியால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது, அதைக் கொத்தியெடுத்து ஒன்றுக்கு நான்கு சிமெண்ட்-மணல் கலவையில் பூசி, ஏழு நாள் தண்ணீர் தெளித்து, நான்கு வாரம் ஆறவிடுங்கள். அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தரையீரம் ஏறுகிறது என்று பொருள். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுத்தான் மொசைக் தொடங்க வேண்டும். பின்பக்கம் மண் அணைத்த சுவர், தண்ணீர்த் தொட்டிச் சுவர் இரண்டும் வேண்டாம். அப்படிப்பட்ட சுவர்தான் இருக்கிறது என்றால் சிமெண்ட் ஃபைபர் போர்டில் 2 அடிக்கு 2 அடிப் பலகைகளாகச் செய்து, சற்று இடைவெளி விட்டுத் துருப்பிடிக்காத ஸ்க்ரூவில் மாட்டுங்கள். நாளை கட்டடத்தை இடித்தாலும் கழற்றிக்கொண்டு போகலாம் என்பது கூடுதல் வசதி.

பசை ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தரக் குறியுடன், வெளிச்சுவருக்கு என்று பையிலேயே எழுதியிருக்கும் டைல் அட்ஹெசிவ். 40 சதுர அடிக்கு 20 கிலோப் பை இரண்டு. பையில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்குங்கள். இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கினால் வலு போய்விடும். ரசமட்டம் வைத்து அடியில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்து நிறுத்தி, கீழிருந்து மேலே போங்கள். பல் கரண்டியால் ஒரு வலைத் துண்டுக்கான இடத்துக்கு மட்டும் பசை இழுத்து, துண்டை வைத்து, கொத்தனார் பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டையால் தட்டி அழுத்துங்கள். மெஷ் கண் வழியே பசை லேசாக மேலே எட்டிப் பார்க்க வேண்டும். இடைவெளியில் பாதிக்கு மேல் ஏறினால் குச்சியால் வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இடைவெளியை நிரப்பும் கலவையான க்ரௌட்டுக்கு இடம் இருக்காது. பசைமேல் விரல் வைத்துப் பார்க்கையில் ஒட்டவில்லை என்றால் தோல் கட்டிவிட்டது. சுரண்டிப் புதிதாகப் போடுங்கள். மேற்குப் பார்த்த சுவரில் இது வெகு விரைவில் நடக்கும், நிழல் துணி கட்டிக்கொள்ளுங்கள். வலைத் துண்டுகளுக்கு நடுவே வரும் சந்துகளை அன்றைக்கு உதிரி டைல்ஸால் மூடுங்கள். மேசைக்கு ஒரு நாளும் வராத அண்டை வீட்டார், வாட்ச்மேன், பால்காரர் என எல்லாரும் ஆளுக்கொன்று ஒட்ட அதுவே தருணம்.

இரண்டு நாள் கழித்து க்ரௌட். இதில் அளவு தவறாத குழு அரிது. பெரிய டைல் போட்ட 40 சதுர அடிக் குளியலறைச் சுவருக்கு ஒரு கிலோ பாக்கெட் போதும். விரல் நுனி அளவுத் துண்டுகள் உள்ள உங்கள் சுவரில் இடைவெளிகளின் மொத்த நீளம் பல மடங்கு. 13 முதல் 15 கிலோ வேண்டும். மணல் கலந்த வகையாக, ஒரே தயாரிப்பு எண்ணில் வாங்குங்கள். நிறம் நடுத்தரச் சாம்பல் என்றால் பெரும்பாலும் தப்பாது. வெள்ளை போட்டால் கண் படத்தைப் பார்க்காமல் கோடுகளைப் பார்க்கும், ஆறு மாதத்தில் அழுக்கும் ஏறும். சந்தேகமிருந்தால் ஓரடி மாதிரிப் பலகையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். சுவரை லேசாக நனைத்து, ரப்பர் துண்டால் குறுக்குவாட்டில் அழுத்தித் தேயுங்கள். இருபது முப்பது நிமிடம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்தால் நிறம் கழுவிப்போய்த் திட்டுத் திட்டாக வெளுக்கும். மறுநாள் தெரியும் வெண்படலத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால் போகும். யாராவது ஆசிட் பாட்டிலோடு வந்தால் தடுங்கள், அது க்ரௌட்டையும் சேர்த்துத் தின்னும். க்ரௌட் பூசும் நாளில் சுவரே சேறாகி, மூன்று மாத உழைப்பு காணாமல் போனது போல் இருக்கும், புதியவர்கள் பதறுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துடைக்கத் துடைக்க நிறம் வெளிவரும் அந்த அரைமணி நேரத்துக்கு எல்லாரையும் கூப்பிடுங்கள், பிள்ளைகளைத் துடைக்க விடுங்கள். கையுறை கட்டாயம், சிமெண்ட் தோலை அரிக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரம் முழுவதும் உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்து, கூர் தட்டுப்படும் முனைகளைச் சாணைக்கல்லால் தேய்த்துவிடுங்கள்.

சுவர் சங்கத்துடையதாக இருந்தாலும் பொதுக்குழுத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள், அடுத்த நிர்வாகம் பெயிண்ட் அடிக்கக் கிளம்பும். தெருப்பக்கச் சுவர் என்றால் உள்ளாட்சியின் கடிதம். கலந்துகொண்டவர்களின் பெயர்களை ஓரத்தில் ஒரு பலகையில் போடும்போது டீ கொண்டு வந்தவரையும் டப்பா கழுவியவரையும் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்த மறுவாரமும் அதே கிழமை, அதே நேரம் மேசையைப் போட்டு வையுங்கள், கையில் வேறு ஏதாவது சிறு வேலையோடு: வீட்டு எண் பலகை, பூந்தொட்டி, எதுவானாலும். திடீரென்று அந்த நாள் காலியாகிவிட்டால் தனியாக இருப்பவர்களுக்கு முன்பைவிடக் கஷ்டம். மீந்த டைல் துண்டுகளில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கைப்பிடி, அரைக் கிலோ மெஷ்-பசை, க்ரௌட் பாக்கெட்டின் மேலட்டை ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டுச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். க்ரௌட்டைச் சேர்த்து வைக்க வேண்டாம், கட்டியாகிவிடும்; அட்டையிலுள்ள நிற எண் இருந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒருவர் சாவியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், பொத்தென்று ஒலிக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டால், அந்தச் சின்ன இடத்தை மட்டும் பெயர்த்து மறுபடி பதித்துவிடலாம்.